வாய் வைக்காத நாடா

ஃபால் ரிவர், மாசசூசெட்ஸ்
1913 அக்டோபர் 12

மாப்பிள்ளை ஜெத்ரோவுக்கு,

நான் நலம். நீயும் உன் மனைவி மாட், பிள்ளை ஹெட்டி எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று வருடம் வாய் திறக்காமல் இருந்தவன் இதற்கு மேல் நலம் விசாரித்தால் நீ சிரிப்பாய். விஷயத்துக்கு வருகிறேன்.

பார்மென்டர் கம்பெனி மேல் நாம் போட்ட வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. நாம் என்று எழுதுவது உனக்குக் கசக்கும். என்ன செய்வது, காப்புரிமையில் ஈனக் ஷாரக், ஜெத்ரோ பிம்ப்ளெட் என்று இரண்டு பெயர் இருப்பதால் வாதியும் இரண்டு பேர்தான். போன வருடம் வக்கீல் பாட்டர் அனுப்பிய தாளில் நீ கையெழுத்தை மட்டும் போட்டு, ஒரு வார்த்தைகூட எழுதாமல் திருப்பி அனுப்பினாய். அதற்கு நன்றி எழுதக்கூட எனக்கு அப்போது மனம் வரவில்லை.

தறியில் நூலோடு குறுக்கே ஓடுகிற கட்டை நாடாவில், வாயால் உறிஞ்சி நூல் கோக்கக் கூடாது என்று இந்த மாநிலத்தில் சட்டம் வந்ததே, அதிலிருந்து எல்லா மில்லும் கையால் கோக்கிற நாடாவுக்கு அலைந்தன. நம்மிடம்தான் வருவார்கள் என்று நான் நம்பி உட்கார்ந்திருந்தேன். பார்மென்டர்காரன் நம் நாடாவை அப்படியே வெட்டினான். மேலே அதே கீறல், உள்ளே அதே பித்தளைக் கொக்கி, பக்கத்தில் அவன் முத்திரை. நான் ஃபிட்டராக இருக்கிற மில்லிலேயே அவன் நாடாதான் ஓடுகிறது. கொக்கி வளைந்துவிட்டால் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். நானும் நிமிர்த்திக் கொடுக்கிறேன்.

அவன் திருடியது எல்லோருக்கும் தெரியும். அவன் வக்கீலே அதைப் பெரிதாக மறுக்கவில்லை. அவர் பிடித்திருப்பது வேறு. சேர்ந்து கண்டுபிடித்தோம் என்று இரண்டு பேர் சத்தியம் செய்து வாங்கிய காப்புரிமையில், ஒருவன் ஒன்றையுமே கண்டுபிடிக்கவில்லை என்று ஆகிவிட்டால் காப்புரிமை மொத்தமும் செல்லாதாம். உன் பாதியோடு என் பாதியும் போய்விடும். அப்புறம் எவன் வேண்டுமானாலும் நாடாவைச் செய்யலாம், விற்கலாம்.

“மச்சினருக்குப் பாதி கொடுக்கணும்னா பாதிய எழுதிக் கொடுத்திருக்கலாமே மிஸ்டர் ஷாரக்? ஒரு தாள் போதுமே. கண்டுபிடிச்சவர்னு எதுக்குப் போட்டீங்க?” என்று பாட்டர் கேட்டார். வீட்டுப் பத்திரத்தில் மனைவி பெயரைச் சேர்ப்பதுபோல நினைத்துக்கொண்டேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குளிர்காலத்தில் வக்கீல்கள் தெற்கே வந்து உன்னிடம் வாக்குமூலம் வாங்குவார்கள். நாடாவின் மேலே கீறல் போடலாம் என்ற யோசனை உன்னுடையது என்று சொல்லிவிடு. ஒரே ஒரு வாக்கியம். அதைக் கேட்கத்தான் எழுதினேன்.

ஈனக்

•

ஹார்லன் மில் குடியிருப்பு, தென் கரோலினா
1913 அக்டோபர் 24

மச்சானுக்கு,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை நம்ப முடியவில்லை. இரண்டாம் தடவை சிரிப்பு வந்துவிட்டது.

சபையில் தேநீர் விருந்து நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? காப்புரிமையை விலைக்குத் தருகிறீர்களா என்று பார்மென்டர்காரன் ஆள் அனுப்பியிருந்த சமயம். உங்களைக் கட்டிய என் அக்கா ஹெஸ்டரே போய்விட்டாள், இனி இதை எதற்குக் கட்டிக்கொண்டு அழவேண்டும், கொடுத்துவிடலாமே என்று நான் மெதுவாகத்தான் சொன்னேன். ‘என் பாதி’ என்று ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டது. அவ்வளவுதான். தட்டை வைத்துவிட்டு எழுந்தீர்கள்.

“உன் பாதியா? நீ என்னத்தக் கண்டுபுடிச்ச மாப்ள? என் வீட்டு அடுப்படியில கறி எந்தப் பானையில இருக்குன்னு கண்டுபுடிச்ச. வேற என்ன?”

சபை முழுக்கச் சிரித்தது. போதகரும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். மாட் அங்கேயே அழுதாள். அதற்குப் பிறகு தறிக்கூடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் இல்லை. ‘கறிப்பானை’ என்றுதான் கூப்பிட்டார்கள். அதனால்தான் ரயில் ஏறினோம். தெற்கே நல்ல வேலை கிடைத்தது என்று ஊரில் சொன்னதெல்லாம் சும்மா.

இப்போது அதே நான் பைபிளில் கை வைத்து, ஆமாம் ஐயா, பாதியைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று சொல்லவேண்டும்! நன்றாக இருக்கிறது நியாயம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது உங்களைப் பார்த்துத்தான் சொன்னார்கள் போல. பார்மென்டர் வக்கீலுக்கு இந்தச் சங்கதி எப்படித் தெரிந்தது என்று யோசித்தீர்களா? அன்று சிரித்தவர்களில் எவனாவது சொல்லியிருப்பான். காப்புரிமையை உடைத்தது நான் இல்லை மச்சான். உங்கள் நாக்குதான்.

காப்புரிமைக்கு மனுப் போட்ட அன்று நோட்டரி ஆபீசில் நான் கையெழுத்துப் போட்டேனே என்பீர்கள். போட்டேன். அக்கா போடச் சொன்னாள், போட்டேன். அந்த மனிதர் மூக்கால் முணுமுணுத்ததில் எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. கூட்டாளியாகச் சேர்ப்பதற்கு அதுதான் வழி என்று நினைத்தேன். அது சத்தியம் என்றே எனக்குத் தெரியாது.

இங்கே நான் தறி மேஸ்திரி. சபையில் ஞாயிறு வகுப்பு எடுக்கிறேன். குடியையும் விட்டாயிற்று. பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை நடத்திக்கொண்டிருக்கிறேன், அடுத்த வாரம் ஒன்பதாவது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, உங்களுக்காக நான் போய்ச் சொல்லவா?

இந்த ஊரில் தேநீரில் ஐஸ் கட்டியைப் போட்டுக் குடிக்கிறார்கள். அதற்குக்கூட நான் பழகிவிட்டேன். நீங்கள் அன்று சொன்னதற்குத்தான் பழக முடியவில்லை.

ஜெத்ரோ

•

ஃபால் ரிவர்
1913 நவம்பர் 9

மாப்பிள்ளை,

நீ எழுதியதுதான் நடந்திருக்கிறது. அந்த விருந்தில் இருந்த இரண்டு பேரைக் கூட்டிவந்து பார்மென்டர் வக்கீல் வாக்குமூலம் வாங்கிவிட்டார். இரண்டு பேரும் இங்கிலாந்தில் நம் லங்காஷயர் பக்கத்து ஆட்கள்தான், நம் சபைதான். ‘கறிப்பானை’ என்ற வார்த்தையைச் சுருக்கெழுத்துக்காரர் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். ஜெத்ரோ, எனக்கு அது மறந்தே போயிருந்தது. சொன்னவனுக்கு மறந்துவிடும், வாங்கிக்கொண்டவனுக்கு மறக்காது என்று ஹெஸ்டர் சொல்வாள்.

மன்னித்துக்கொள் என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். அப்புறம் அடித்துவிட்டேன். உன்னிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டே மன்னிப்பும் கேட்டால் அது லஞ்சம் மாதிரி ஆகிவிடும்.

உன் பெயர் எப்படி வந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. உன் அக்கா மில்லுக்குப் போவதை நிறுத்திய பிறகுதான் நாடா ஒரு வழிக்கு வந்தது. அடுப்படி மேசையில் காப்புரிமைக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். இருமல் கொஞ்சம் விட்டபோது, “தம்பி பேரையும் போடுங்க” என்றாள்.

“அவன் இதுல என்ன பண்ணினான்?” என்றேன்.

“ஒண்ணும் பண்ணல. அதுக்குத்தான் சொல்றேன். எந்த வேலையிலயும் ஒட்டாம, குடிச்சிட்டு ஊர் ஊராத் திரியறான். அவன் பேர் போட்ட சாமான் ஒண்ணு உலகத்துல இருந்தா, அதுக்கு முன்னால கொஞ்சமாச்சும் நின்னு பார்ப்பான்ல?”

உங்கள் அம்மா போன பிறகு உன்னைத் தூக்கி வளர்த்தவள். அந்த நிலைமையில் அவள் கேட்டதை மாட்டேன் என்று நான் எப்படிச் சொல்வேன்? நாடாவே அவளுக்காகச் செய்ததுதான். கல்யாணத்துக்கு முன்னிருந்தே நாளெல்லாம் நாடாவின் கண்ணில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுத்தவள். பஞ்சும் சாயமும் நெஞ்சுக்குள் போயிற்று. அவளுக்கு முன்னால் அந்தத் தறியில் நின்ற பெண் சயரோகத்தில் செத்தாள். அவள் வாய் வைத்த அதே நாடாவை எடுத்துத்தான் இவள் கையில் கொடுத்தார்கள். கொடுத்தவன் நான்தான். அந்த வரிசைத் தறிகளுக்கு நான்தானே ஃபிட்டர்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் உண்டியல் சுற்றி வந்தபோது, “காச மேலேர்ந்து போடறோம். யாராச்சும் வாய வச்சு உறிஞ்சறோமா?” என்று நீ என் காதில் சொல்லிச் சிரித்தாய். அதற்குப் பிறகுதான் மேலே கீறல் போடலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்படி ஒரு ஞாபகம். உனக்கும் அந்த ஞாபகம் இருந்தால், நான் கேட்பது பொய்யே இல்லை.

ஈனக்

•

ஹார்லன் மில் குடியிருப்பு
1913 நவம்பர் 23

மச்சானுக்கு,

உண்டியல் கதை அழகாக இருக்கிறது. அந்த வருடம் முழுக்க நான் சபைப் பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே விழுந்து கிடந்தேன் என்று எனக்கே தெரியாது. அக்கா இருந்தால் சொல்லியிருப்பாள். இந்த ஞாபகத்தை எங்கே செய்தீர்கள், அடுப்படி மேசையிலா? இதற்கும் ஒரு காப்புரிமை வாங்கிவிடுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுதிய பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்கப்புறம் உங்களைக் கேலி செய்கிறேன்.

அக்கா அப்படிச் சொன்னாளா? அந்த இடத்தை மாட் கேட்கப் படிக்க ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஆனாலும் பொய் பொய்தான் மச்சான். என்னால் ஆகாது.

ஹெட்டி தறிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். மில் வீட்டில் குடியிருக்க வேண்டுமானால் வீட்டுக்கு இத்தனை ஆள் மில்லுக்கு வரவேண்டும் என்பது இங்கே வழக்கம். மாட் முழங்கால் போய் வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவள் இடத்துக்கு ஹெட்டி. அந்தச் சட்டமெல்லாம் இந்த மாநிலத்தில் கிடையாது, வாயால் உறிஞ்சுகிற நாடாதான். இங்கே பெண்கள் மூக்குப்பொடியை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டே தறி ஓட்டுவார்கள். முதல் நாள் வேலை முடிந்து வந்தவள் சாப்பாட்டைத் தொடவில்லை. “அப்பா, நூல் வரும்போது யாரோட எச்சிலோ பொடி வாசனையோட வாய்க்குள்ள வருது. குமட்டுது” என்றாள். இப்போது எதுவும் சொல்வதில்லை. பழகிவிட்டாள் என்று நினைக்கும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மில் சூப்பரண்டிடம் போய்க் கையால் கோக்கிற நாடாவை வாங்கலாமே என்று கேட்டேன். “அதுல வழக்கு இருக்குய்யா. யார் செஞ்சது செல்லும், யார் செஞ்சது செல்லாதுன்னு தெரியாம வாங்கிட்டு நான் கோர்ட்டுல நிக்கவா? முடியட்டும் பாக்கலாம். அதுவரைக்கும் ஒண்ணுகூட உள்ள வரக்கூடாது” என்றார். காப்புரிமையில் இருக்கிற பெயர்களில் ஒன்று என்னுடையது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஜெத்ரோ

•

ஃபால் ரிவர்
1914 ஜனவரி 18

மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காருவேன், ஹெட்டி சாப்பாட்டைத் தொடவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் பேனாவை வைத்துவிடுவேன். உன் அக்காவும் கல்யாணமான புதிதில் இப்படித்தான் தட்டை ஒதுக்கி வைப்பாள். என் சமையல் பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி முதல் வாரம் வாக்குமூலம். என்னுடையது இங்கே, உன்னுடையது அங்கே. நீ என்ன சொல்லவேண்டும் என்று இனி நான் கேட்கமாட்டேன். கேட்டதே தவறு. வக்கீல் கேட்பதற்கு உனக்குத் தோன்றியதைச் சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

களைப்பாக இருக்கிறது ஜெத்ரோ. மில்லில் நிற்கும்போதுகூட இவ்வளவு தெரியவில்லை. வக்கீல் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல இருக்கிறது.

பனி கொட்டுகிறது. வாசலைக் கூட்ட ஆள் இல்லை.

ஈனக்

•

ஹார்லன் மில் குடியிருப்பு
1914 பிப்ரவரி 6

மச்சானுக்கு,

முடிந்தது. இன்று காலை டவுன் ஓட்டல் கூடத்தில் வைத்து வாங்கினார்கள். நம் பாட்டர் தன் உதவியாளரை அனுப்பியிருந்தார், பாவம், ரயிலில் ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. பார்மென்டர் வக்கீல் நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

“இந்த நாடாவுல உங்க பங்கு என்ன மிஸ்டர் பிம்ப்ளெட்?”

“மேல கீறல் போடலாம்னு சொன்னது நான்தான்.”

“எங்க வச்சுச் சொன்னீங்க?”

“அக்கா வீட்டு அடுப்படியில.”

“அந்த அடுப்படியில கறிப்பானையத் தவிர நீங்க ஒண்ணும் கண்டுபிடிக்கலன்னு உங்க மச்சான் எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்காரே?”

“மச்சான் மச்சினனைச் சொல்றதெல்லாம் சாட்சியில சேருமாங்க? உங்க மச்சான் உங்கள என்னென்ன சொல்லியிருக்காரு, அதையும் எழுதச் சொல்லுங்க பாப்போம்.”

அந்த வக்கீலே சிரித்துவிட்டார். சுருக்கெழுத்துப் பையன் எழுதாமல் நிறுத்தினான். மூக்கு சிவந்த உதவியாளர் மேசைக்கு அடியில் என் முழங்காலைத் தட்டினார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்தது.

ஏன் சொன்னேன்? நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் மாட்டேன் என்றே சொல்லியிருப்பேன். கேட்காமல் விட்டுவிட்டீர்கள். வாசலைக் கூட்ட ஆள் இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. அக்கா இருந்தால் என்னைத் துடைப்பத்தோடு அனுப்பியிருப்பாள்.

காப்புரிமை உங்களிடம் நிற்கட்டும். நாடா இங்கே வருகிறபோது வரட்டும், ஹெட்டிக்கு வேறு ஏதாவது பார்க்கிறேன். நெய்த துணியை மடிக்கிற இடத்தில் ஆள் கேட்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். ஞாயிறு வகுப்புக்கு மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜெத்ரோ

•

ஃபால் ரிவர்
1914 பிப்ரவரி 6

மாப்பிள்ளை,

அவசரமாக எழுதுகிறேன். என்னுடையது நேற்று முடிந்தது. உன் முறைக்கு இன்னும் நாலைந்து நாள் ஆகலாம் என்றார்கள். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடவேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். தந்தி கொடுக்கத்தான் போனேன். உண்மையைச் சொல் என்று தந்தியில் எழுதினால், அதற்கு முன்னால் வேறென்ன சொல்லச் சொன்னாய் என்று அதையும் பிடித்துக்கொள்வார்கள். உன்னை மாட்டிவிட வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன்.

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“மிஸ்டர் பிம்ப்ளெட் எதைக் கண்டுபிடிச்சார்?” என்று கேட்டார்கள். “ஒண்ணும் இல்ல. அவன் அக்கா கேட்டா, பேரைப் போட்டேன்” என்றேன். பாட்டர் எழுந்து, “என் கட்சிக்காரருக்கு உடம்பு சரியில்லை” என்றார். “உடம்பு நல்லாத்தான் இருக்கு. பேர் போட்டது தப்புன்னு தெரியாது, ஆனா போட்டது நான்” என்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை, எவ்வளவு உழைத்தார்.

ஹெட்டிதான் காரணம் என்று உனக்குப் புரிந்திருக்கும். ஹெஸ்டருக்காகச் செய்த நாடா, ஹெஸ்டர் பெயரையே சுருக்கி வைத்த பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை. போகாமல் தடுத்துக்கொண்டிருப்பது நான் போட்ட வழக்கு. அப்புறம் அந்தக் காப்புரிமையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டு நான் என்ன செய்ய? செல்லாமல் போகட்டும். யார் வேண்டுமானாலும் செய்யட்டும், எந்த மில் வேண்டுமானாலும் வாங்கட்டும்.

நீ உன் வகுப்பை நிம்மதியாக நடத்து. எனக்காக வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லிவிடாதே. நீ சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

ஈனக்

•

ஹார்லன் மில் குடியிருப்பு
1914 பிப்ரவரி 10

அட பாவி மனுஷா!

உங்கள் கடிதம் இன்று வந்தது. என் கடிதமும் இந்நேரம் உங்கள் கையில் இருக்கும். வழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்திருக்கும்.

நீங்கள் கேட்டபோது மாட்டேன் என்றேன். கேட்காதபோது செய்தேன். பொய் சொல்லச் சொன்ன ஆள் உண்மையைச் சொல்லிவிட்டார், உண்மை பேசுகிற நான் பொய் சொல்லிவிட்டேன். இதைவிட மடையர்கள் இரண்டு பேர் எந்தக் குடும்பத்திலாவது உண்டா? ‘மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று எழுதினீர்களே, எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் பேனா தேய்ந்துவிடுமா?

கத்தினேன். மாட் பயந்துவிட்டாள். அப்புறம் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

நோட்டரி ஆபீசில் செய்தது தெரியாமல் செய்த பொய்ச் சத்தியம். இது தெரிந்தே செய்தது. போதகரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் “கொஞ்ச நாள் வகுப்பு எடுக்க வேண்டாம் ஜெத்ரோ” என்றார். சரி என்றேன். பிள்ளைகளிடம் நானே சொல்லிவிட்டு வந்தேன். ஒன்பதாவது கட்டளையை நடத்தியவன் கதை இப்படி நிற்கிறது.

ஜெயிலுக்கு அனுப்புவார்களா என்று பாட்டரிடம் கேட்டு எழுதுங்கள். மாட் தூங்குவதில்லை.

ஜெத்ரோ

•

ஃபால் ரிவர்
1914 மே 3

மாப்பிள்ளை,

முதலில் உன் மனைவியிடம் சொல்: ஜெயில் இல்லை. பார்மென்டர் வக்கீல் அதைக் கிளப்பப் போவதில்லையாம். “ஜெயிச்சாச்சு, விடுங்க. அந்த ஆள் என்னைச் சிரிக்க வச்சார்” என்று பாட்டரிடம் சொன்னாராம்.

தீர்ப்பு வியாழக்கிழமை வந்தது. காப்புரிமை செல்லாது. நீதிபதி இரண்டு வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்ததாகவும், படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதாகவும் பாட்டர் சொன்னார். நாடா பிம்ப்ளெட்டின் கையால் ஆனதல்ல என்று அதைச் செய்தவரே சொல்வதால், பிம்ப்ளெட் எவ்வளவு அன்பாக வேறு விதமாகச் சொன்னாலும் கோர்ட்டு அதை ஏற்க முடியாது என்று எழுதியிருக்கிறார். அன்பாக என்ற வார்த்தையை அவரே போட்டிருக்கிறார்.

நான் பழையபடி மில்லுக்குப் போகிறேன். போன வாரம் மூன்று இடத்திலிருந்து நம் நாடா வந்து இறங்கியது, மூன்று முத்திரை. ஒன்று மட்டமான மரம். அதை நான் ஒதுக்கி வைத்தேன். இனி அவ்வளவுதான் என்னால் செய்ய முடியும்.

எனக்காக நீ அந்தப் புத்தகத்தில் கை வைத்ததை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. திருப்பிக் கொடுக்கிற பொருள் இல்லை அது.

இப்போது உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. வழக்கும் இல்லை, காப்புரிமையும் இல்லை. அதனால் அன்று அடித்ததை இன்று எழுதலாம். விருந்தில் சொன்னதற்கு என்னை மன்னித்துக்கொள் ஜெத்ரோ. ஊர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. அடுப்படியிலும் சொல்லியிருக்கக் கூடாது.

ஈனக்

•

ஹார்லன் மில் குடியிருப்பு
1914 அக்டோபர் 4

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். கோபம் இல்லை. எழுதுவதற்கு ஏதாவது நடக்கட்டும் என்று இருந்தேன்.

நேற்று நடந்தது. சூப்பரண்டு கூப்பிட்டு, “நீ கேட்டியே அந்த நாடா, வழக்கு தீர்ந்துபோச்சாம், மலிவா வருது, பிரிச்சுக் குடு” என்று பெட்டியைக் காட்டினார். என் கையாலேயே உடைத்தேன். பார்மென்டர் முத்திரைதான். மரம் நல்ல மரம், ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டேன். முதல் நாடாவை எடுத்துக்கொண்டு போய் ஹெட்டியின் தறியில் வைத்தேன்.

அவள் வழக்கம்போல வாய்க்குக் கொண்டுபோனாள். அதுதான் என்னை அடித்துப்போட்டது. “வேணாம்மா, மேல பாரு” என்றேன். நூலைக் கீறலில் வைத்து ஒரு விரலால் இழுத்தாள். கொக்கியில் போய் உட்கார்ந்துகொண்டது. எடுத்துவிட்டு மறுபடி கோத்தாள். அடுத்த தறிக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, உதட்டிலிருந்த பொடியைத் துப்பிவிட்டு, “எனக்கும் ஒண்ணு குடுங்க மேஸ்திரி” என்றாள். நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வேலையைப் பாருங்கள் என்று சூப்பரண்டு சத்தம் போடுகிறவரைக்கும் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னது சரிதான், பெயர் மட்டும்தான் அதில் இல்லை.

“இத யாருப்பா செஞ்சது?” என்று ஹெட்டி முத்திரையைத் திருப்பிப் பார்த்தாள்.

“உன் மாமா. உங்க அத்தைக்காகச் செஞ்சது” என்றேன்.

“கோர்ட்டுல ரெண்டு பேருன்னு அம்மா சொன்னாங்களே. நீங்க இதுல என்ன பண்ணினீங்க?”

“நானா? நான் கறி எந்தப் பானையில இருக்குன்னு கண்டுபுடிச்சேன்” என்றேன். தறிச் சத்தத்தில் அவளுக்குப் பாதிதான் கேட்டது. ஆனாலும் சிரித்தாள்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று பேரும் வருகிறோம். பனி விழுந்தால் வாசலை நான் கூட்டிக்கொள்கிறேன். நீங்கள் பானையை மட்டும் இடம் மாற்றி வைத்துவிடாதீர்கள்.

ஜெத்ரோ